கர்ப்பகாலத்தில் உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஸ்கேன் அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள் மருத்துவருடனான நேரம் தீர்ந்துவிடுவதால், நடக்கலாமா, படி ஏறலாமா, எடை தூக்கலாமா என்ற கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகின்றன. பிறகு அவற்றுக்கான பதில்களைக் கர்ப்பிணிகள் அக்கம்பக்கத்தாரிடமிருந்து பெறுகிறார்கள். அந்தப் பதில்களில் அச்சமே மிகுதியாக இருக்கிறது. அப்படிக் கேட்கப்படாமல் போகும் கேள்விகளுக்கு இங்கே இயன்றவரை விரிவாகப் பதில் தரப்பட்டுள்ளது. இவை சிக்கலற்ற கர்ப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யாருக்கு இவை பொருந்தா என்பதும் தனியே சொல்லப்பட்டுள்ளது. அந்தப் பகுதியைத் தயவுசெய்து தவறாமல் படியுங்கள்.

உடற்பயிற்சி செய்தால் கரு கலைந்துவிடுமா?

சிக்கலற்ற கர்ப்பத்தில் மிதமான உடற்பயிற்சியால் கரு கலைவதில்லை. மற்ற எல்லாத் தயக்கங்களுக்கும் அடியில் இந்த அச்சமே இருப்பதால் இதற்குச் சற்று நீண்ட பதில் தேவை. முதல் 3 மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்கு, கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் நேர்ந்துவிடும் பிழைகள்தாம் காரணம். தாய் நடந்ததாலோ குனிந்ததாலோ அந்தப் பிழைகள் வருவதில்லை; அவர் அசையாமல் படுத்திருந்தாலும் அவை மறைவதில்லை. ஏறத்தாழ 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பிறகும் பனிக்குட நீர் குழந்தையை அன்றாட அசைவுகளின் அதிர்விலிருந்து காக்கிறது. கர்ப்பகாலத்தில் உடற்பயிற்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான தொகுப்பாய்விலும், உடற்பயிற்சியால் கருச்சிதைவோ பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்போ கூடியதாகத் தெரியவில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவை இழந்த பெண்கள் பலர், "அன்று அந்த வாளியைத் தூக்காமல் இருந்திருக்கலாமே", "அந்தப் படிகளில் ஏறாமல் இருந்திருக்கலாமே" என்று ஆண்டுக்கணக்கில் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்கு மருத்துவ அடிப்படை இல்லை. அவர்களிடம் இதை எவ்வளவு முன்னதாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

அப்படியானால் ஓய்வெடுக்க வேண்டும் என்று முன்பு மருத்துவர்களே ஏன் சொன்னார்கள்?

அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பது உண்மைதான். அது அக்கறையிலிருந்து பிறந்த அறிவுரையும்கூட. உடற்பயிற்சியின்போது ரத்தம் தசைகளை நோக்கித் திரும்புவதால் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறையுமோ, உடல் வெப்பம் ஏறிக் கருவைப் பாதிக்குமோ, குழந்தை எடை குறைந்து பிறக்குமோ என்ற ஐயங்கள் அன்று இருந்தன. அவற்றைத் தீர்த்துவைக்கும் ஆய்வுகள் போதிய அளவில் இல்லை. 1985இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்பிணியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டக் கூடாது என்றும், கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும் வரையறுத்தது. அந்த எண்கள் முன்னெச்சரிக்கையாக வைக்கப்பட்டவையே தவிர, அளந்து கண்டறியப்பட்டவை அல்ல. 1994இல் அதே அமைப்பு அந்த வரம்பைக் கைவிட்டது. ஆயினும் 140 என்ற எண் இன்றும் சில இடங்களில் வாய்மொழியாக வலம்வருகிறது.

ஓய்வு எப்போதும் தீங்கற்றது என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. அது சரியன்று. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. கால் ரத்தநாளங்களில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட 4 முதல் 5 மடங்கு அதிகம். நாள் முழுவதும் படுத்திருப்பது அந்த வாய்ப்பை மேலும் கூட்டுகிறது. தசையும் எலும்பும் வலுவிழக்கின்றன, மனமும் சோர்கிறது. எனவே ஓய்வையும் ஒரு மருந்தைப் போலவே எண்ண வேண்டும். தேவை இருக்கும் இடத்தில், தேவையான அளவில் மட்டுமே அது தரப்பட வேண்டும்.

எனக்கு முழு ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். "எந்தக் குறைபாட்டுக்காக இந்த ஓய்வு? எத்தனை நாளுக்கு? எழுந்து நடக்கலாமா, மாடிப்படி ஏறலாமா? அடுத்து எப்போது இதை மறுபடி பார்ப்பீர்கள்?" என்ற கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்வதில் தவறே இல்லை. நஞ்சுக்கொடி கீழிறங்கி ரத்தப்போக்கு இருப்பது போன்ற தெளிவான காரணம் இருந்தால் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டும். குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்காக நீண்ட நாள் படுக்கையில் வைத்திருக்கும் வழக்கத்துக்குப் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களும் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே ஓய்வை முறித்துவிட வேண்டாம். உங்கள் நிலையை அறிந்த மருத்துவரிடம் பேசி, தேவையெனில் இரண்டாவது கருத்தையும் பெற்று முடிவெடுங்கள்.

யார் உடற்பயிற்சி செய்யக் கூடாது?

பனிக்குடம் உடைந்தவர்கள், காலத்துக்கு முன்பே பிரசவவலி கண்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு தொடர்பவர்கள், 28 வாரத்துக்குப் பிறகும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருப்பவர்கள், ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் முன்சூல்வலிப்பு நிலையில் இருப்பவர்கள், வயிற்றிலேயே குழந்தையின் வளர்ச்சி குன்றியிருப்பவர்கள், 3 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோர் உடற்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கட்டுக்குள் வராத முதல் வகைச் சர்க்கரை நோய், கட்டுக்குள் வராத தைராய்டு கோளாறு, தீவிரமான இதய அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இதே விதிதான். இவர்களும் குளிப்பது, உடுத்துவது, வீட்டுக்குள் நடமாடுவது போன்ற அன்றாட அசைவுகளை, மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, நிறுத்த வேண்டியதில்லை.

சிலருடைய நிலை இடைப்பட்டது. முன்பு குறைப்பிரசவம் நேர்ந்தவர்கள், தொடர்ந்து கருச்சிதைவுக்கு ஆளானவர்கள், சோர்வும் மூச்சுத்திணறலும் தரும் அளவுக்கு ரத்தச்சோகை உள்ளவர்கள், ஊட்டக்குறைவு உள்ளவர்கள், 28 வாரத்தைக் கடந்த இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோர் மருத்துவருடன் பேசிய பிறகே பயிற்சியின் வகையையும் அளவையும் முடிவுசெய்ய வேண்டும். பலருக்கு அனுமதி கிடைக்கும், வேகம் மட்டும் குறைக்கப்படும்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு நேரம் போதும்?

கர்ப்பிணிகளும் பிரசவித்த பெண்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஒரே நாளில் செய்து முடிக்காமல், குறைந்தது 3 நாட்களுக்காவது, முடிந்தால் எல்லா நாட்களுக்கும் இதைப் பகிர்ந்துகொள்வது நல்லது. 5 நாட்கள், நாளுக்கு 30 நிமிடம் என்பது பலருக்கு எளிதான கணக்கு. அதையும் காலையில் 15, மாலையில் 15 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இந்த அளவைத் தொட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். மசக்கை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் 10 நிமிடம் மெதுவாக நடப்பதே பெரிய காரியம். சில நாட்கள் அதுவும் முடியாது. அந்த நாட்களை விட்டுவிட்டு, உடல் ஒத்துழைக்கத் தொடங்கியதும் மீண்டும் தொடங்கினால் போதும்.

"மிதமான" என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

பேசிப் பார்ப்பதுதான் நல்ல வழி. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்து, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு எண்ணைக் கர்ப்பகாலத்தில் முழுவதும் நம்ப முடியாது. ரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுவதாலும், சும்மா இருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை உயர்ந்திருப்பதாலும், பழைய கணக்குகள் இப்போது பொருந்துவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, எதுவும் செய்யாமலே மூச்சு வாங்குவதாகப் பல பெண்கள் உணர்வதும் ஹார்மோன் மாற்றங்களால் வருவதே.

இதுவரை உடற்பயிற்சியே செய்ததில்லை. இப்போது தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். கர்ப்பத்துக்கு முன்பு பழக்கம் இருந்தவர்கள் மட்டுமே தொடரலாம் என்ற எண்ணம் தவறானது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, முன்பு பழக்கமில்லாதவர்களையும் சேர்த்தே சொல்லப்பட்டது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, முதல் வாரத்தில் நாளுக்கு 10 நிமிட நடையுடன் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள், விளையாட்டு வீராங்கனைகள் போன்றோர் தங்கள் பயிற்சியைத் தக்க கண்காணிப்புடன் தொடரலாம், ஆனால் புதிய சாதனைகளுக்கு இது காலமன்று.

தாய்க்கு இதனால் என்ன நன்மை?

மிகத் தெளிவான நன்மை கர்ப்பகாலச் சர்க்கரை நோயில்தான் தெரிகிறது. கர்ப்பம் வளர வளர, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன; குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்க இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்தத் தடையை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் இன்சுலின் சுரக்க முடியாதபோது ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. இயங்கும் தசைக்கு ஒரு சிறப்பு உண்டு: சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணையின்றியே அது ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கிறது. உணவுக்குப் பிந்தைய நடை சர்க்கரையைக் குறைப்பது இதனால்தான். ஏற்கெனவே சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து முதல் மருந்தாக நிற்பதும் இதுவே.

2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், உடற்பயிற்சி செய்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 38 விழுக்காடும், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 39 விழுக்காடும், முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு 41 விழுக்காடும் குறைந்திருந்தன. முன்சூல்வலிப்பு உலகெங்கும் தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதை நினைத்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். இவை கூட்டத்துக்குரிய கணக்குகள். தவறாமல் நடந்த பெண்ணுக்கும் சர்க்கரை வரலாம். வந்தால் அது அவருடைய குறையன்று.

அளவுக்கு மீறி எடை கூடுவது குறைகிறது. மனச்சோர்வின் அறிகுறிகள் தணிகின்றன. முதுகுவலியைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: உடற்பயிற்சியால் முதுகுவலி வராமல் தடுக்கப்படுவதாகச் சான்று இல்லை, ஆனால் வந்த வலியின் கடுமை குறைகிறது.

குழந்தைக்கு ஏதேனும் நன்மை உண்டா? மூச்சு முட்டாதா?

தாய் மிதமாக இயங்கும்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை நஞ்சுக்கொடி ஈடுகட்டிக்கொள்கிறது. தாயின் பயிற்சியின்போதும் சற்றுப் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை உயரும், பிறகு தானாக இறங்கிவிடும், இது இயல்பானது.

தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்கிறது. குழந்தை அதற்கேற்பத் தன் இன்சுலினைக் கூட்டி, கொழுப்பாகச் சேர்த்துவைத்து, 4 கிலோவைத் தாண்டிப் பெருத்துவிடுகிறது. அத்தகைய குழந்தைக்குப் பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளலாம், பிறந்தவுடன் ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழலாம், வளர்ந்த பின் உடற்பருமனும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பும் கூடலாம். உடற்பயிற்சி செய்த தாய்மார்களிடம் அளவுக்கு மீறிப் பெருத்த குழந்தைகள் பிறப்பது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைவாக இருந்ததாகத் தொகுப்பாய்வு காட்டியது. அதே வேளையில் எடை குறைந்த குழந்தைகளோ குறைப்பிரசவங்களோ கூடவில்லை. குழந்தை சிறுத்துவிடுமோ என்ற பழைய அச்சத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

எந்தெந்தப் பயிற்சிகள் ஏற்றவை?

விரைவு நடை எல்லாவற்றிலும் எளியது. நீந்தத் தெரிந்தவர்களுக்கு நீச்சல் மிகவும் உகந்தது; தண்ணீர் வயிற்றின் பாரத்தைத் தாங்குவதால் மூட்டுகளுக்கும் முதுகுக்கும் ஆறுதல் கிடைக்கிறது. நிலையான சைக்கிள், லேசான எடைகளைக் கொண்ட தசைப் பயிற்சி, கர்ப்பிணிகளுக்கென மாற்றியமைக்கப்பட்ட யோகாசனம் ஆகியவையும் நல்லவை. எடை தூக்கும்போது மூச்சை அடக்கி முக்க வேண்டாம். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். தசைநார்கள் இந்தக் காலத்தில் தளர்ந்திருப்பதால் நீட்டிப் பயிற்சிகளில் எல்லை வரை இழுக்காமல், சற்று முன்னதாகவே நிறுத்துவது நல்லது.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

வயிற்றில் அடிபடவோ தவறி விழவோ வாய்ப்புள்ள விளையாட்டுகள், குதிரையேற்றம், சூடேற்றப்பட்ட அறையில் செய்யும் யோகா, கடும் வெயிலில் நீண்ட நேரப் பயிற்சி ஆகியவற்றைத் தவிருங்கள். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் செல்வது கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு நல்லதன்று. சாதாரண நடை வெப்பத்தை அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை. காற்று உருளையுடன் ஆழ்கடலில் மூழ்குவது எந்த மாதத்திலும் கூடாது. மேலே வரும்போது ரத்தத்தில் உண்டாகும் வாயுக்குமிழிகளை வடிகட்டும் ஆற்றல் கருவின் நுரையீரலுக்கு இல்லை.

கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். கனத்த கர்ப்பப்பை, கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருநாளத்தை அழுத்துவதால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரலாம். பக்கவாட்டில் திரும்பிப் படுத்தால் அது தீர்ந்துவிடும்.

வீட்டுவேலையும் அலுவலக வேலையும் கணக்கில் சேருமா?

மூச்சு சற்று வேகமாகும் அளவுக்குச் செய்யும் வேலை எதுவும் கணக்கில் சேரும். ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதும், கனமானவற்றைத் திரும்பத் திரும்பத் தூக்குவதும் உடற்பயிற்சிக்கு ஈடாகா. பயிற்சியில் வேகமும் ஓய்வும் நம் கையில் இருக்கின்றன. அத்தகைய வேலையில் அவை இல்லை. நாளெல்லாம் உழைத்துக் களைத்த பெண்ணிடம் "நீ இன்னும் நடக்க வேண்டும்" என்று சொல்வது அறிவுரை ஆகாது. அவருக்குத் தேவைப்படுவது உட்கார்ந்து காலை உயர்த்தி வைக்க நேரமும், வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கைகளும்தான்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

பிறப்புறுப்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிந்தால், வயிறு சீரான இடைவெளியில் வலியுடன் இறுகினால், நெஞ்சு வலித்தால், பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சுத் திணறினால், தலை சுற்றினால், கடுமையான தலைவலி வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நிலைதடுமாறும் அளவுக்குத் தசை வலுவிழந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், பயிற்சி செய்தீர்களா இல்லையா என்பதைப் பற்றி எண்ணாமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி என்றால் என்ன?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் தசைப் படுகைதான் இடுப்புத்தளம். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளிழுத்து, சில நொடிகள் பிடித்திருந்து, முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு 3 வேளை செய்யலாம். தளர்த்துவதும் இழுப்பதைப் போலவே முக்கியம். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசியும் தொல்லையைப் பெண்கள் வெளியில் சொல்லக் கூசி, தாய்மையின் விலை அது என்று ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்குக் கடைசி மாதங்களில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. உண்மையாகச் சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழக வேண்டாம்.

உடற்பயிற்சி செய்தால் சுகப்பிரசவம் உறுதியா?

உறுதி இல்லை. குழந்தை இருக்கும் நிலை, அதன் அளவு, நஞ்சுக்கொடியின் இடம் எனப் பலவற்றைப் பொறுத்தது அது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க வேண்டிய தேவை ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன; பிரசவ நேரத்தின் நீண்ட உழைப்பைத் தாங்கும் உடல்வலுவும் கிடைக்கிறது. "சரியாக நடக்காததால்தான் சிசேரியன் ஆயிற்று" என்று ஒரு தாயிடம் யாரும் சொல்லக் கூடாது. அது உண்மையும் அன்று.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது மீண்டும் தொடங்கலாம்? தாய்ப்பால் பாதிக்கப்படுமா?

சிக்கலற்ற இயற்கைப் பிரசவம் என்றால், உடல் இடம்கொடுத்த சில நாட்களிலேயே மெதுநடையையும் இடுப்புத்தளப் பயிற்சியையும் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் எழுந்து நடமாடுவது ரத்தக்கட்டியைத் தடுப்பதால் அவர்களும் சீக்கிரமே நடக்க ஊக்குவிக்கப்படுகிறார்கள். ஆனால் வயிற்றுத் தசைப் பயிற்சிக்கும் எடை தூக்குவதற்கும் காயம் ஆறி மருத்துவர் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். ஓட்டம், குதிப்பு போன்றவற்றுக்குக் குறைந்தது 3 மாதமாவது இடைவெளி விடுவது நல்லது. நடுவயிற்றில் தசைகள் பிரிந்து மேடு தட்டினாலோ, அடியில் ஏதோ இறங்குவது போன்ற கனம் தோன்றினாலோ இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிதமான பயிற்சியால் தாய்ப்பாலின் அளவும் சத்தும் குறைவதில்லை. குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கப்படுவதில்லை. பால் கொடுத்து முடித்த பின் பயிற்சிக்குச் சென்றால் மார்பு கனக்காது. தண்ணீரை மறக்காமல் குடியுங்கள். முதல் வாரங்களில் தூக்கம்தான் எல்லாவற்றையும்விட அரிதானது. குழந்தை உறங்கும் அந்த அரை மணி நேரத்தில் நடப்பதா தூங்குவதா என்ற நிலை வந்தால், தூங்குங்கள்.